இரண்டு வீட்டுக்கு ஒரு பாய்லர்

எருமப்பட்டி
8.6.2025

அன்புத் தம்பி கிருஷ்ணனுக்கு,

உன் அண்ணன் சென்றாயன் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். மகள் கமலவேணி எழுதவில்லை, நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. எழுபத்திரண்டு வயதில் முதல் கடிதம், அதுவும் உனக்கு. நீயும் சித்ராவும் சௌமியாவும் சௌக்கியமா? இங்கே மகள் வீட்டில் நாங்கள் நலம். ஆபரேஷன் செய்த மூட்டு இப்போது உன் அண்ணிக்கு நன்றாக மடங்குகிறது. ஆனால் கீழே உட்காரக் கூடாது, குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். தமிழினி என்று ஒரு பெண் வருகிறாள். "தாத்தா, கையெழுத்துப் போடப் பழகுனாப் போதுங்களா?" என்று கேட்டாள். "போதாது சாமி, எந் தம்பிக்குக் கடுதாசி போடோணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

போன வாரம் எங்கள் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னாள். நான் எழுதினேன்: எங்கள் வீடு பள்ளிபாளையத்தில் இருக்கிறது. அப்பா போன பிறகு இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு சுவர். சோற்று அடுப்பு இரண்டு. வெந்நீர் அடுப்பு ஒன்று.

அது எப்படி என்று கேட்டாள். பாகம் பிரித்த அன்று பெரியவர்கள் முன்னால் அம்மா சொன்னதைச் சொன்னேன். "சோறு தனித்தனியா ஆக்கிக்கோங்க. வெந்நீ மட்டும் ஒண்ணாக் காயட்டும்." சாயப்பட்டறையில் பைப் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? என் பக்கத்துப் புழக்கடையில் பாய்லரை வைத்து, சுவரைத் துளைத்து, உன் குளியலறை வரை இரும்புப் பைப் இழுத்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது பாய்லர் அடியில் கசிந்தது. இப்போது எப்படி இருக்கிறது? பதிலைக் கடிதமாகவே போடு. போனில் பேசுவது காதோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிப்பேன். தாளில் இடம் முடிந்தது.

உன் அண்ணன்
சென்றாயன்


பள்ளிபாளையம்
20.6.2025

அன்புள்ள அண்ணாவுக்குத் தம்பி நவநீதகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். அண்ணியின் கால் குணமாகி வருவது அறிந்து நிம்மதி. உங்கள் கடிதத்தை சௌமியா இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். "பெரீப்பா எழுத்து என் எழுத்த விடக் குண்டு குண்டா இருக்குதுப்பா" என்றாள்.

பாய்லர் போய்விட்டது அண்ணா. அடித்தகடு முழுவதும் துரு. வெல்டிங் வைக்க வந்தவர், கம்பி பட்ட இடமெல்லாம் ஓட்டை விழுகிறது என்று கை விரித்துவிட்டார். புதியது வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். விறகிலும் காயும், கரண்டிலும் காயும். கரண்ட் இழுக்க வசதி என் பக்கத்தில் இருப்பதால் இந்த முறை என் புழக்கடையில் வைக்கலாம். அண்ணிக்கும் விறகு தள்ளும் வேலை இருக்காது.

பழைய பைப் எல்லாம் நீங்கள் போட்டது. எந்த இடத்தில் கழற்றுவது, எதைத் தொடக்கூடாது என்று எழுதி அனுப்பினால் பிளம்பரிடம் கொடுத்துவிடுவேன். பழைய பாய்லரை எடைக்குப் போட்டுவிடலாமா?

வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவசரப்பட்டு வர வேண்டாம். அண்ணியின் உடம்புதான் முக்கியம்.

இப்படிக்கு
நவநீதகிருஷ்ணன்


எருமப்பட்டி
29.6.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்தைக் கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன். தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு போய்த்தான் வாங்கினேன். உன் அண்ணி, "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இப்படிச் சீவிக்கிட்டு வரலீங்களே" என்றாள். உன் கடிதத்தை வகுப்பில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'நிம்மதி' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

பாய்லர் உன் பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் என் பக்கம் இருந்தது, இனி உன் பக்கம். பழையதைத் தாராளமாக எடைக்குப் போடு.

இப்போது வேலையைச் சொல்கிறேன். பிளம்பர் கட்டிங் மிஷினை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள். அந்தப் பைப்பை அறுக்கக் கூடாது. வெளியே கெட்டியாகத் தெரியும். உள்ளே நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து, துருவும் தின்று மெலிந்திருக்கும். அதில் புதிதாகத் திருகு மரை வெட்டினால் நொறுங்கிவிடும். பழைய மரையிலேயே கழற்ற வேண்டும்.

சுவருக்கு என் பக்கம் ஒரு யூனியன் மூட்டு இருக்கிறது, உன் பக்கம் ஒரு யூனியன். கழற்றுவதற்கென்றே வைத்தவை. முந்தின நாளே டீசலில் துணி நனைத்துச் சுற்றிவைக்கச் சொல். மறுநாள் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்ட வேண்டும், அடிக்கக் கூடாது. அப்படியும் அசையாவிட்டால் கொஞ்சம் சூடு காட்டலாம். ரெஞ்சு இரண்டு வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒன்றை மட்டும் போட்டுத் திருப்பினால், எங்கேயோ உள்ளே இருக்கும் நல்ல மூட்டு இளகிவிடும்.

புது பாய்லரை மாட்டுவதற்கு முன் பழைய பைப்பில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். முதலில் டீ மாதிரி வரும். தெளிந்த பிறகுதான் இணைக்க வேண்டும். மேலே காற்றுப் போகும் பைப்பை எக்காரணம் கொண்டும் அடைக்காதே. அடைத்தால் வெடிக்கும்.

சுவருக்குள் இருக்கும் துண்டைத் தொட வேண்டாம். அது நன்றாக இருக்கிறது.

இவ்வளவையும் நானே எழுதினேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பைப் வேலைக்குப் போன இடங்களில் யாராவது தாளை நீட்டினால் கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். சௌமியாவுக்கு என் ஆசி.

உன் அண்ணன்
சென்றாயன்


பள்ளிபாளையம்
14.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

நீங்கள் எழுதியபடியே செய்தார்கள். இரண்டு யூனியனும் சேதமில்லாமல் கழன்றன. பிளம்பர் ஆச்சரியப்பட்டார். புது பாய்லர் வந்து இறங்கிவிட்டது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் துண்டைச் சுவர் பெயராமல் வெளியே எடுக்க முடியுமா? உங்கள் பக்கத்தில் நிற்கும் பைப்பின் வாயை ஒழுகாமல் அடைப்பது எப்படி?

இங்கே ஒரே தூசியாக இருக்கிறது. அண்ணிக்கு ஆகாது. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு
நவநீதகிருஷ்ணன்


எருமப்பட்டி
22.7.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். சித்ராவின் தலைவலி எப்படி இருக்கிறது? நீ எழுதவே இல்லை.

யூனியன் கழன்ற செய்தியைப் படித்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். கேட்க நினைத்தால் எதையும் கேள். சொல்லாமல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

சுவர்த் துண்டை எடுக்கலாம். ஆனால் எதற்கு? புதிதாக மாற்றப் போகிறாய் என்றால் சரிதான். வேலைக்காரனுக்கு எல்லாமே புதிதாக இருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரையில்தான் பதித்தேன், சிமென்ட் வைக்கவில்லை. சுற்றிலும் உளியால் விரல் ஆழம் சுரண்டிவிட்டு, ரெஞ்சு போட்டு முறுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். முறுக்காமல் இழுத்தால் செங்கல்லும் கூட வரும்.

வாய் அடைப்பதில் இரண்டு வகை உண்டு. வேலை முடிகிற வரைக்கும் என்றால், டம்மி அடைப்பானில் கொஞ்சம் சணல் சுற்றிக் கையாலேயே முறுக்கிவிடு. போதும். இனி திறக்கவே போவதில்லை என்றால் வேறு மாதிரி. சணலை மரையின் போக்கிலேயே நெருக்கமாகச் சுற்றி, வெள்ளை பெயின்ட் பூசி, ரெஞ்சால் கடைசி வரை இறுக்கி, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். அப்புறம் நானே வந்தாலும் திறக்க முடியாது. இரண்டாவது வகை உனக்குத் தேவைப்படாது. எழுதத் தெரிந்துவிட்டதால் எழுதிவைத்தேன்.

ஆடிப் பெருக்குக்கு ஆற்றுக்கு வரலாம் என்று உன் அண்ணி சொல்கிறாள். வந்தால் ஒரு எட்டு வீட்டையும் பார்த்துவிடுவோம். என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சென்றாயன்


எருமப்பட்டி
20.8.2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? விலாசத்தில் ஏதாவது தப்பு விட்டேனோ என்று தமிழினியிடம் கேட்டேன். சரியாகத்தான் இருக்கும் தாத்தா என்றாள். போன் செய்தால் சித்ரா எடுத்து, "அவுரு வெளிய போயிருக்காருங்க மாமா" என்கிறாள்.

உன் பதில் வராமல் ஆடிப் பெருக்குக்குக் கிளம்பவில்லை. கமலவேணிதான் மோகனூர் வரை கூட்டிப்போய் ஆற்றைக் காட்டிவிட்டு வந்தாள்.

உன் அண்ணிக்கு நம் வீட்டு நினைப்புதான். இங்கே மாடிப்படி ஏறிப் போய்க் குளிக்க வேண்டியிருக்கிறது. "ஏனுங்க, நம்ம ஊட்டுல குழாயத் திருப்புனா வெந்நீ வந்திருமுங்கல்ல? எனக்கு வேறொண்ணும் வேண்டாம்" என்கிறாள். வரும், தம்பி எல்லாம் முடித்து வைத்திருப்பான் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வரி எழுது. பெரிய கடிதமாக வேண்டாம்.

சென்றாயன்


பள்ளிபாளையம்
5.9.2025

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். வேலை அதிகம். பாய்லர் நன்றாக வேலை செய்கிறது. தீபாவளி முடிந்து வந்தால் போதும்.

நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
28.9.2025

தம்பி கிருஷ்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் நிலையத்துத் தபால் பெட்டியில் போடுவேன். அது ஊரைச் சுற்றிக்கொண்டு உன்னிடம் வரட்டும்.

நேற்று மத்தியானம் சொல்லாமல் வந்தோம். பாய்லர் நன்றாக வேலை செய்கிறது என்று நீ எழுதியதை நம்பி வந்தோம். உன் அண்ணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருப்பினாள். காற்றுகூட வரவில்லை. நான் புழக்கடைக்குப் போனேன். பாய்லர் இருந்த மேடையில் சாம்பல் இருந்தது. பைப் சுவர் வரை போய் நின்றது. சுவரில் பூச்சு புதிதாக இருந்தது, வெள்ளையும் அடித்திருந்தது. பைப்பின் வாயில் டம்மி.

வேலை பாக்கி இருக்கிறது, அதற்காக அடைத்திருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். கையால் திருப்பினேன். ரெஞ்சு எடுத்து வந்து திருப்பினேன். அசையவில்லை. மரையின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நான் எழுதிய இரண்டாவது வகை. ஒரு சொட்டு ஒழுகாது தம்பி. நல்ல வேலை.

உன் வாசலுக்கு வந்தேன். நீ ஈரோடு போயிருப்பதாகச் சித்ரா சொன்னாள். உன் செருப்பு வாசலில் கிடந்தது.

சௌமியாதான் வெளியே வந்தாள். கையில் புது மோதிரம். "பெரீப்பா, நிச்சயத்துக்கு உங்களால வர முடியலீன்னு எனக்கு எவ்வளவு அழுகாச்சி தெரியுங்களா?" என்றாள்.

"என்ன நிச்சயம் சாமி?"

"ஆவணியிலங்க. பெரீம்மாவுக்குக் கால் முடியல, அதனால வரலீன்னு நீங்க எழுதியிருந்தீங்கன்னு அப்பா சொன்னாருங்களே."

நான் அப்படி எழுதவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை. ஆமாம் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பெயருக்கு உன் பாகத்தை எழுதி, மேலே மாடி எடுக்கப் போகிறீர்களாம். பொதுவில் எதுவும் இருக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். அதை அவளே சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நிச்சயத்துக்குக் கூப்பிட்டால் வந்து சுவரைப் பார்த்துவிடுவேன் என்றுதானே கூப்பிடவில்லை? உறுதி சொல்லும்போது பெரியப்பா இடத்தில் யாரை உட்கார வைத்தாய்?

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். முடியாது என்றுதான் முதலில் சொல்லியிருப்பேன். ராத்திரி முழுக்கச் சத்தம் போட்டிருப்பேன். அப்புறம் சௌமியாவுக்காக நானே வந்து கழற்றிக் கொடுத்திருப்பேன். நீ என்னைக் கேட்டுக் கேட்டே என்னை அறுத்துவிட்டாய்.

எல்லோரும் நலம் என்று எழுதினாய். அதில் நாங்கள் இல்லை.

சென்றாயன்


பள்ளிபாளையம்
6.10.2025

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நேரில் வந்து பேசத்தான் நினைத்தேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

முதலில் உண்மையாகவே இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். நம்புங்கள். பாய்லர் வந்து இறங்கிய அன்றுதான் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா புழக்கடைக்குப் போய்ப் பைப்பைப் பார்த்துவிட்டு, "இது எங்கீங்க போவுது?" என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கு அவங்க பசங்க வந்து பாத்தியம் கேட்டா என் மருமக யாருகிட்டப் போயி நிப்பா?" என்றார். நல்ல இடம் அண்ணா. சித்ராவும் விடவில்லை. உங்களுக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாள் தள்ளத் தள்ள இன்னும் எழுத முடியாமல் போய்விட்டது.

அண்ணி சிரமப்பட வேண்டாம். உங்கள் குளியலறையில் ஒரு கீசர் மாட்டித் தருகிறேன். எல்லாம் என் பொறுப்பு. நாளைக்கே ஆள் வருவார்.

கல்யாணம் கார்த்திகையில். நீங்கள் முன்னால் நின்று நடத்திவைக்க வேண்டும். சௌமியாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்
நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
12.10.2025

தம்பிக்கு,

கீசர் வேண்டாம். உன் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய மேடையிலேயே செங்கல் அடுக்கி அண்டா வைத்துவிட்டேன். நான் பாதிப் பாதி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றுகிறேன். உன் அண்ணி குளியலறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "சாயப்பட்டறையில இத்தன வருஷம் கெடந்து கடைசில இந்த உத்தியோகமா?" என்று கேட்கிறாள். அவள் சிரிக்கிறாள். அதனால் நானும் சிரிக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருவோம். சௌமியாவிடம் எதுவும் சொல்ல மாட்டேன். அது நீ கேட்டதற்காக இல்லை.

நான் ஒன்று கேட்கிறேன். நான் எழுதிய கடிதங்களைத் திருப்பிக் கொடு. பைப் வேலையைப் பற்றி எழுதியவையும் வேண்டும், முதலில் எழுதியதும் வேண்டும். தபாலில் வர வேண்டாம். சௌமியாவிடம் கொடுத்தனுப்பு. அவை நான் பிறந்ததிலிருந்து முதன்முதலாக எழுதியவை. உன் வீட்டில் அவை இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

சென்றாயன்


பள்ளிபாளையம்
20.10.2025

அண்ணாவுக்கு,

மறைத்து எழுத இனி முடியாது. பைப்பைப் பற்றிய இரண்டு கடிதங்களையும் பிளம்பர் கையில் கொடுத்தேன். வேலை செய்யும் இடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் எண்ணெயாகிவிட்டது. வேலை முடிந்து குப்பையைக் கூட்டியபோது அதோடு போய்விட்டது. நான் திரும்ப வாங்கிவைக்கவில்லை.

ஆகஸ்டில் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், முதல் கடிதம் சௌமியாவிடம் இருக்கிறது. கேட்டால் அழுவாள். என்ன சொல்லி வாங்குவது?

நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
3.11.2025

தம்பிக்கு,

சௌமியாவிடம் இருப்பது அவளிடமே இருக்கட்டும். வாங்காதே.

குப்பையில் போன தாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'யூனியன்' என்று எழுத அன்றைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? எழுதி முடித்ததும் நன்றாக வந்துவிட்டது என்று உன் அண்ணியை எழுப்பிக் காட்டினேன். படிக்கத் தெரியாமலே, நல்லாத்தான் இருக்குதுங்க என்றாள். அந்தத் தாளில் ஒருவன் கையைத் துடைத்திருப்பான்.

உனக்கு இதுதான் கடைசி. எழுதுவதை நான் விடப் போவதில்லை. கமலவேணிக்கு எழுதுவேன், தமிழினிக்கு எழுதுவேன். தமிழினி ஏற்கனவே பதில் போட்டுவிட்டாள். இரண்டு பக்கம்.

கல்யாணத்தில் பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன். பக்கத்தில் நீயும் நிற்பாய். வருகிறவர்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இருவரும் தலையாட்டுவோம். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. மூன்று ராத்திரியாக நீ இருமுவது சுவர் வழியாகக் கேட்கிறது. வெந்நீர் குடி. உன் வீட்டில்தான் இருக்கிறது.

சென்றாயன்